ஆற்றுப் பாட்டை மாற்றிப் பாடியவர்

நாடகத்தில் பாடிப் பெயர் வாங்கி, அப்புறம் சினிமாவுக்குப் போனவர்கள் என்றால் நமக்கு உடனே பாகவதர், சின்னப்பா, கொடுமுடி சுந்தராம்பாள் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். இந்த வாரம் நாம் சொல்லப்போகிறவரும் அந்த வரிசைக்காரர்தான். மேடையில் நடித்தார், பாடினார். படத்திலும் நடித்தார், பாடினார். ஆனால் நம்மவர் அல்லர். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். பெயர் பால் ராப்சன்.

பெயரைப் படித்ததும் மங்கில் வடிகிற பால் ஞாபகத்துக்கு வந்தால் அது வாசகர்களின் குற்றமில்லை. அவருக்கும் ரப்பர் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. அவருடைய அப்பா தோட்டத்தில் பிறந்தவர். அதுவும் எப்படி? அடிமையாக!

நம் பாட்டன் பாட்டிமார் சஞ்சிக்கூலியாகவும் கங்காணி கடனிலும் கப்பலேறி வந்தவர்கள். பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் பெயருக்காவது ஒரு கூலி, ஒரு தவணை என்று இருந்தது. அமெரிக்காவின் தென்பகுதித் தோட்டங்களில் இருந்த கறுப்பின மக்களுக்கு அதுவும் இல்லை. ஆள், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் துரையின் சொத்து. ஆடு மாடு மாதிரி விற்கலாம், வாங்கலாம். வட கரோலினா மாநிலத்தில் ராபர்சன் என்ற தோட்டத்துக்காரரிடம் 1844-ஆம் ஆண்டு அப்படிப் பிறந்தவர்தான் வில்லியம் ட்ரூ. அந்தத் தோட்டத்துப் பெயர்தான் கொஞ்சம் திரிந்து ராப்சன் என்று இவர்கள் குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டது.

1860-இல், 15 வயதில், வில்லியம் தோட்டத்தை விட்டு ஓடினார். பிடிபட்டிருந்தால் தோல் உரிந்திருக்கும். பிடிபடவில்லை. வடக்கே போய்ச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே படித்து, பாதிரியார் ஆகி, பிரின்ஸ்டன் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தை நடத்தினார். அங்கேதான் 1898 ஏப்ரல் 9-ஆம் நாள் கடைக்குட்டிப் பிள்ளையாகப் பால் பிறந்தார்.

பிள்ளைக்கு மூன்று வயது நடந்தபோது அப்பாவுக்குத் தேவாலய வேலை போயிற்று. மேல் சாதிக்காரர் என்று நாம் சொல்கிற மாதிரி, அந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். பாதிரியாராக இருந்தவர் குதிரை வண்டி வைத்து வீடு வீடாக அடுப்புச் சாம்பல் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார். 1904-இல் இன்னொரு இடி. கண் பார்வை மங்கிப்போயிருந்த தாயார் மேல் அடுப்புத் தணல் விழுந்து, துணி பற்றிக்கொண்டு, உடம்பெல்லாம் வெந்து இறந்துபோனார். பாலுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. சாம்பல் வண்டி ஓட்டிய அப்பாதான் வளர்த்தார். ஒரு நாளும் அந்த மனிதர் யாரிடமும் முதுகை வளைத்துப் பார்த்ததில்லை என்று மகன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1915-இல் உபகாரச் சம்பளம் கிடைத்து ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார் பால். அன்றைக்கு அந்தக் கல்லூரியில் இருந்த ஒரே கறுப்பு மாணவர் அவர்தான். ஆறடிக்கு மேல் உயரம், மரத்தடி மாதிரி உடம்பு. அமெரிக்கர்கள் ஆடுகிற கால்பந்து ஒன்று இருக்கிறது. பேர்தான் கால்பந்து, பந்து பாதி நேரம் கையில்தான் இருக்கும். அந்தக் குழுவில் சேரப் போனார். சொந்தக் கல்லூரிப் பையன்களே முதல் நாள் பயிற்சியில் சேர்ந்துகொண்டு மூக்கை உடைத்தார்கள், தோளைப் பிசகவைத்தார்கள். படுக்கையில் கிடந்து எழுந்து மறுபடி போனார். கீழே விழுந்திருந்தபோது ஒருவன் ஆணி வைத்த பூட்ஸால் கையை மிதித்து நகங்களைப் பிய்த்தான்.

விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றாமல் இருக்குமா? ஆனால் அப்பா முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நீ உனக்காக மட்டும் அங்கே போகவில்லை, உனக்குப் பின்னால் வரப்போகிற பிள்ளைகளுக்காகவும் போகிறாய் என்பது அந்தப் பேச்சின் சாரம். பால் நின்றார். 1917, 1918 இரண்டு ஆண்டும் அமெரிக்கா முழுவதிலும் பொறுக்கி எடுத்த சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானார். படிப்பிலும் முதல் வரிசை. 1919-இல் பட்டமளிப்பு நாளன்று மாணவர்கள் சார்பில் பேசியவரும் அவர்தான். அதைப் பார்க்க அப்பா இல்லை. அவர் 1918-இல் கண்ணை மூடிவிட்டார்.

பிறகு நியூயார்க்குக்குப் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வக்கீல் படிப்பு. 1921-இல் எஸ்லாண்டா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். எஸ்லாண்டா மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார், பால் காசுக்குப் பந்தாடினார், அப்படித்தான் குடும்பமும் நடந்தது, படிப்பும் நடந்தது. 1923-இல் பட்டம் வாங்கி ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே சுருக்கெழுத்து எழுதுகிற வெள்ளைக்காரப் பெண், கறுப்பன் சொல்லி நான் எழுத மாட்டேன் என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள். பால் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வக்கீல் தொழில் அத்தோடு போச்சு. அந்தப் பெண் ஒழுங்காக எழுதியிருந்தால் உலகத்துக்கு ஒரு வக்கீல் கூடுதலாகக் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்!

மாணவராக இருந்தபோதே அவர் ஒன்றிரண்டு நாடகங்களில் தலை காட்டியிருந்தார். 1924-இல் யூஜீன் ஓ நீல் என்ற பெரிய நாடக ஆசிரியர் ஒரு நாடகத்துக்குக் கதாநாயகனாக அவரை அழைத்தார். கறுப்பு வக்கீல் மாணவனும் வெள்ளைப் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்கிற கதை. மேடையில் வெள்ளை நடிகை கறுப்பு நடிகரின் கைக்கு முத்தம் கொடுக்க வேண்டும். விடுவார்களா? மிரட்டல் கடிதம் மூட்டை மூட்டையாக வந்தது. முதல் காட்சியில் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுவார்கள். அதில் குழந்தைகள் நடிக்கக் கூடாது என்று நகராட்சி அனுமதி மறுத்துவிட்டது. நாடகத்தை நிறுத்தவில்லை. அந்தக் காட்சியை மட்டும் இயக்குநர் மேடைக்கு வந்து வாசித்துக் காட்டினார். அதற்குப் பின் திரை தூக்கி நடித்தார்கள். ராப்சனுக்குப் பெயர் வந்தது.

ஆனால் அவருடைய நிஜமான சொத்து குரல். நம் பாகவதர் குரல் மேலே மேலே போகும், கேட்கிறவன் தலையைத் தூக்கிக்கொண்டே போவான். ராப்சன் குரல் அதற்கு நேர் எதிர். கீழே கீழே போகும். ஆழக் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, நெஞ்சுக்குள் அதிர்கிற குரல்.

அந்தக் குரலால் எதைப் பாடினார் என்பதுதான் முக்கியம். 1925 ஏப்ரல் 19-ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு முழுக் கச்சேரி. பியானோவுக்கு லாரன்ஸ் பிரவுன். அன்று பாடியதெல்லாம் கறுப்பின மக்களின் பாட்டுகள்தான். தோட்டத்து அடிமைகள் வயற்காட்டில் பாடிய பக்திப் பாட்டு, வேலைப் பாட்டு, துக்கப் பாட்டு. நம் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் பெரிய சங்கீத சபையில் கொண்டுபோய் முழு ராத்திரிக் கச்சேரியாகப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி. படித்த கறுப்பர்களில் சிலரே அந்தப் பாட்டுகளைப் பாட வெட்கப்பட்ட காலம் அது. அப்பா பாடிக் கேட்ட பாட்டுக்கு எதற்கு வெட்கம் என்று இவர் நிமிர்ந்து நின்று பாடினார். கச்சேரி முடிந்தும் கூட்டம் கலையவில்லையாம்.

இப்போது ஆற்றுப் பாட்டுக்கு வருவோம். மிசிசிப்பி அமெரிக்காவின் பெரிய ஆறு. அதில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிற ஒரு கப்பலைப் பற்றிய இசை நாடகம், 'ஷோ போட்'. 1928-இல் லண்டனில் அதைப் போட்டபோது ராப்சனுக்குக் கொடுத்தது ஜோ என்ற துறைமுகக் கூலி வேடம். கதையில் சின்ன வேடம்தான். ஆனால் ஒரு பாட்டு இருந்தது. பஞ்சு மூட்டை தூக்கித் தூக்கி ஓய்ந்துபோன கூலி, இந்த ஆறு மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று அலுத்துப் பாடுகிற பாட்டு. எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் வெள்ளைக்காரர்கள்தான். ஆனாலும் ராப்சன் பாடியபோது அது அவருடைய பாட்டாகவே ஆகிவிட்டது. லண்டன் முழுக்க அதே பேச்சு. 1936-இல் அதே நாடகம் அமெரிக்காவில் படமானபோதும் அந்தப் பாட்டைப் பாடியவர் அவர்தான்.

அந்தப் பாட்டு பிற்காலத்தில் நம் பக்கமும் வந்தது. அசாம் மாநிலத்துப் பாடகர் பூபேன் ஹசாரிகா நியூயார்க்கில் படித்தபோது ராப்சனோடு பழகியவர். ஊருக்குத் திரும்பி, இதையே மனத்தில் வைத்து ஆற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பாட்டு ஒன்றை அசாமிய மொழியில் செய்தார். அது வங்காளத்தில் கங்கையைப் பார்த்துப் பாடுகிற பாட்டாகவும் ஆயிற்று.

லண்டனில் ராப்சனுக்கு ராஜ மரியாதை. 1930-இல் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ வேடம் கிடைத்தது. ஒத்தெல்லோ வெனிஸ் நகரத்துப் படைத்தலைவன், கறுப்பன். வெள்ளை மனைவியைச் சந்தேகப்பட்டுக் கொன்றுவிடுகிறவன். அந்நாளில் நம் கூத்தில் அரிதாரம் பூசுகிற மாதிரி வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு அந்த வேடம் கட்டுவதுதான் வழக்கம். நிஜமான கறுப்பர் ஒருவர் நடிக்கப் பார்த்தது அந்தத் தலைமுறைக்குப் புதிது. இத்தனை மரியாதையிலும் ஒரு பெரிய ஹோட்டலில் நண்பரைப் பார்க்கப் போனவரைக் கறுப்பர் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியதும் 1929-இல் அதே லண்டனில்தான்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் சிலர், வேலை போய், பட்டினியோடு லண்டனுக்கு நடந்தே வந்து வீதியில் கூட்டாகப் பாடிக்கொண்டு போனார்கள். பாட்டுச் சத்தம் காதில் விழுந்ததும் ராப்சன் போய் அவர்களோடு சேர்ந்து நடந்தார், பாடினார். அவர்கள் ஊர் திரும்ப ரயில் செலவுக்கும் வழி செய்தார். அதுவரை நிறத்தால்தான் மனிதர்களை மிதிக்கிறார்கள் என்று நினைத்திருந்தவருக்கு, கரித்தூசி படிந்த இந்த வெள்ளைத் தொழிலாளிகளும் தன் ஆட்கள்தான் என்று பட்டுவிட்டது. இந்த உறவு கடைசிவரை விடவில்லை. பின்னால் வருகிறது, பாருங்கள்.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் அவருக்குப் பணம் கொடுத்தது. நிம்மதி கொடுக்கவில்லை. 1935-இல் 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' என்று ஒரு படம். ஆப்பிரிக்க மக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் உலகத்துக்குக் காட்டப் போகிறோம் என்று நம்பி நடித்தார். பிற்காலத்தில் கென்யா நாட்டின் தலைவரான ஜோமோ கென்யாட்டாகூட அதில் கூட்டத்தோடு கூட்டமாகத் தலை காட்டினார். படம் முடிந்து வந்து பார்த்தால் வேறு மாதிரி வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆப்பிரிக்கர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள், வெள்ளைத் துரை வந்து அதட்டினால்தான் அடங்குவார்கள் என்று சொல்கிற படமாக ஆகியிருந்தது. முதல் காட்சியிலேயே ராப்சன் எழுந்து வெளியே போய்விட்டார் என்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிப்பார்.

அவருக்குப் பிடித்த படம் 1940-இல் வந்த 'தி ப்ரௌட் வேலி'. கப்பலில் வேலை செய்த கறுப்பு ஆள் ஒருவன் வேலை தேடி வேல்ஸ் சுரங்கத்து ஊருக்கு வருகிறான். குரலைக் கேட்டுப் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். நிறம் என்ன என்று ஒருவன் முணுமுணுக்கும்போது, சுரங்கத்துக்குள் இறங்கினால் எல்லோரும் கறுப்புத்தானே என்று இன்னொருவன் மடக்குகிறான். கடைசியில் மற்றவர்களைக் காப்பாற்ற அவன் உயிரைக் கொடுக்கிறான்.

1942-இல் ஹாலிவுட்டில் நடித்த 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' படத்தோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டார். அதில் வந்தவர்கள் தென்பகுதியில் வாரத்துக்கு நிலம் உழுகிற ஏழைக் கறுப்பர்கள். ஆகாயத்திலிருந்து பணம் விழுந்ததும் சாமி கொடுத்தது என்று கும்பிட்டு ஆடிப் பாடுகிற அப்பாவிகளாக அவர்களைக் காட்டிவிட்டார்கள். இந்தப் படத்துக்கு எதிராக யாராவது கொட்டகை வாசலில் மறியல் செய்தால் நானும் வந்து நிற்பேன் என்று நடித்தவரே சொன்னார். தோட்டத்து ஆள் என்றால் குடிகாரன் அல்லது கோமாளி என்று காட்டிய படங்களை நாமும் திடலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சில் ஏதோ குத்தும். அது என்னவென்று ராப்சனுக்குத் தெரிந்திருந்தது. பணம் வாங்கிக்கொண்டு நடித்ததும் அவர்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதை அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதால்தான் படமே வேண்டாம் என்று வந்தார்.

படத்தை விட்டார், ஆற்றுப் பாட்டை விடவில்லை. ஆனால் அதற்கு முன்பே, ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரின்போது 1938 ஜனவரியில் அங்கே போய்ச் சிப்பாய்களுக்குப் பாடிவிட்டு வந்த காலத்திலேயே, பாட்டின் வார்த்தைகளை மாற்ற ஆரம்பித்திருந்தார். கறுப்பரைக் கேவலமாகச் சொல்கிற சொல் ஒன்று அதில் இருந்தது. அதைத் தூக்கினார். குடித்துவிட்டு ஜெயிலுக்குப் போகிற கூலியைப் பற்றி ஓர் இடம் வரும். அவனைக் குடியால் அல்ல, எதிர்த்து நின்றதால் ஜெயிலுக்குப் போகிறவனாக ஆக்கினார். முடிவில் வாழ்க்கையின் அலுப்பையும் சாவுப் பயத்தையும் சொன்ன இடத்தில், உயிர் உள்ளவரை போராடுகிற எண்ணத்தை வைத்தார். மெட்டு அதேதான். பாடுகிற கூலிதான் வேறு ஆள். பாட்டை எழுதியவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இவர் கச்சேரிகளில் அப்புறம் அப்படித்தான் பாடினார். கள்ளுக்கடை வாசலிலேயே நம் சனங்களின் கதை முடிகிறது என்று பாடி வைத்தவர்களை எண்ணிப் பார்க்கும்போது, அந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த மனிதரைக் கும்பிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

மொழி படிப்பதில் பைத்தியம். ஆப்பிரிக்க மொழிகள், ரஷ்யமொழி, சீனமொழி என்று படித்துக்கொண்டே இருந்தார். ஜப்பான்காரன் சீனாவை அடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1941-இல், சீனர்களின் போராட்டப் பாட்டு ஒன்றைச் சீனமொழியிலேயே பாடி இசைத்தட்டு கொடுத்தார். அதுதான் பிறகு சீனாவின் தேசிய கீதம் ஆயிற்று.

1939-இல் ஊர் திரும்பியிருந்தார். 1943 அக்டோபர் 19-இல் நியூயார்க்கில் ஒத்தெல்லோ மேடையேறியது. 296 காட்சிகள்! பிராட்வே நாடக வீதியில் வேறெந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அத்தனை காட்சி ஓடியதில்லை. பிறகு ஊர் ஊராகப் போனபோது, கறுப்பருக்குத் தனி இடம் வெள்ளையருக்குத் தனி இடம் என்று பிரித்து உட்காரவைக்கிற கொட்டகையில் நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்நாளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தவர் அவர்.

யுத்தம் முடிந்தது. காலம் மாறியது. கம்யூனிஸ்ட் என்று யார் பேர் அடிபட்டாலும் பிடி, அடை என்கிற காலம். நம் பக்கத்தில் 1948-இல் அவசரகாலம் வந்து, தொழிற்சங்கம் என்று சொன்னாலே பயந்த வருடங்கள்தான் அவை. அமெரிக்காவில் ராப்சன் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். கறுப்பர்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடுகிற கொடுமையை நிறுத்துங்கள் என்று 1946-இல் ஜனாதிபதி ட்ரூமனையே நேரில் போய்க் கேட்டார். ரஷ்யாவைப் புகழ்ந்தார். 1949-இல் பாரிஸில் பேசியதைச் செய்தி நிறுவனம் ஒன்று அவர் சொல்லாத வார்த்தைகளோடு பரப்பிவிட, நாடே அவர்மேல் பாய்ந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27-இல் நியூயார்க்குக்கு வடக்கே பீக்ஸ்கில் என்ற ஊரில் கச்சேரி. அவர் வந்து சேரும் முன்பே காலிக்கூட்டம் புகுந்து நாற்காலிகளைக் கொளுத்தி, வந்தவர்களை அடித்து நொறுக்கியது. எட்டே நாளில், செப்டம்பர் 4-இல், அதே பக்கத்தில் மறுபடி கச்சேரி வைத்தார்கள். ஏறக்குறைய 20,000 பேர் வந்தார்கள். தொழிற்சங்க ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி மைதானத்தைச் சுற்றி மனிதச் சுவராக நின்றார்கள். நடுவில் நின்று ராப்சன் பாடினார், ஆற்றுப் பாட்டையும் சேர்த்து. பாட்டு நல்லபடி முடிந்தது. வீடு திரும்புகிற வழியில்தான் சாலை ஓரமெல்லாம் கல்லோடு காத்திருந்தார்கள். பஸ் கண்ணாடிகள் நொறுங்கின. 140 பேருக்கு மேல் காயம். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது.

1950-இல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக்காக அதிகம் பேசுகிறார் என்பதும் அரசாங்கம் சொன்ன காரணங்களில் ஒன்று! உள்நாட்டில் மண்டபம் கிடையாது, ரேடியோ கிடையாது, டெலிவிஷன் கிடையாது, இசைத்தட்டு கடையில் கிடையாது. வெளிநாட்டில் எவ்வளவோ பேர் கூப்பிட்டார்கள், போக முடியாது. வாயைக் கட்டாமலே பாட்டுக்காரனின் வாயைக் கட்டிவிட்டார்கள். லட்சத்தில் இருந்த வருமானம் சில ஆயிரத்துக்கு இறங்கிற்று.

அமெரிக்கர் கனடாவுக்குப் போக அந்நாளில் பாஸ்போர்ட்டே தேவையில்லை. கனடாவில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் மாநாட்டுக்கு அழைத்ததும் 1952 ஜனவரியில் புறப்பட்டுப் போனார். எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். சங்கக்காரர்கள் யோசித்தார்கள். அவர் எல்லை தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? அந்த ஆண்டு மே 18-இல் இரண்டு நாட்டு எல்லைக்கோட்டில் ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். லாரித் தட்டில் ஏறி நின்று, அமெரிக்க மண்ணை விட்டு ஓர் அடி நகராமல், கனடாப் பக்கம் கூடியிருந்த ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குப் பாடினார். பாட்டுக்கு ஏது பாஸ்போர்ட்? அடுத்த மூன்று ஆண்டும் அப்படியே நடந்தது.

1956 ஜூனில் பாராளுமன்ற விசாரணைக் குழு முன்னால் நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ரஷ்யா அவ்வளவு பிடித்திருந்தால் அங்கேயே இருந்திருக்கலாமே என்று ஒருவர் குத்தலாகக் கேட்டார். என் அப்பா இங்கே அடிமையாக இருந்தவர், என் ஜனங்கள் செத்துச் செத்து இந்த நாட்டைக் கட்டியவர்கள், ஆகையால் இங்கேதான் இருப்பேன், எனக்கும் இதில் பங்கு உண்டு என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ என்கிற பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்த பதில் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

1957 அக்டோபர் 5. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகள் ஆண்டுதோறும் நடத்துகிற பாட்டு விழா, போர்த்காவல் என்ற கடற்கரை ஊரில். ராப்சனை அழைத்திருக்கிறார்கள், அவர் வர முடியாது. அதற்கு முந்திய ஆண்டுதான் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் டெலிபோன் கம்பி போட்டு முடித்திருந்தார்கள். நியூயார்க்கில் ஓர் அறையில் ராப்சன் டெலிபோன் முன்னால் நின்றார். இங்கே மண்டபத்தில் 5,000 பேர் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்கு அடியில் அந்தக் கிணற்றுக் குரல் வந்து சேர்ந்தது. அவர் பாடி முடித்ததும், சுரங்க ஊர்ப் பாட்டுக் குழு அதே கம்பி வழியாக அவருக்குத் திருப்பிப் பாடியது. லண்டன் வீதியில் வெறும் வயிற்றோடு பாடிக்கொண்டு போன கூட்டத்தில் சேர்ந்துகொண்டதற்கு 28 வருடம் கழித்து வந்த பதில் மொய் என்றே சொல்லலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ரஷ்யாவில் ஸ்டாலின் காலத்தில் எத்தனையோ நிரபராதிகள் மாண்டார்கள். அவர்களில் ராப்சனின் சொந்த நண்பர்களும் இருந்தார்கள். 1949-இல் மாஸ்கோ கச்சேரியில் அந்த நண்பர்களின் பெயரை மேடையிலேயே சொல்லி, அவர்கள் மொழியில் ஒரு பாட்டும் பாடினார். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன் நாட்டுக் கொடுமைக்காரர்களுக்கு ஆயுதம் கொடுத்ததாக ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம். இருந்தாலும் தவறு தவறுதான். அவரை உயிராக மதித்தவர்களே இந்த ஓர் இடத்தில் தலை குனிந்தார்கள்.

1958-இல் அவருக்கு 60 வயது. இந்தியாவில்கூட அவர் பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். லண்டன் நாட்களிலிருந்தே பழக்கமான நேரு அதற்கு ஆதரவு தெரிவித்தது அமெரிக்க அரசாங்கத்துக்குச் சங்கடமாகப் போயிற்று. அந்த ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒருவருடைய கொள்கையைப் பார்த்துப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்று வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல, ராப்சனுக்கும் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. எட்டு வருடம்! உடனே லண்டனுக்குப் பறந்தார். 1959-இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரிலேயே மறுபடி ஒத்தெல்லோ.

1960 நவம்பரில் ஆஸ்திரேலியா. சிட்னி துறைமுகத்தில் இன்றைக்கு உலகமே படம் பிடிக்கிற ஒபேரா மாளிகை அப்போது அஸ்திவாரமும் சாரமுமாக நின்றது. நவம்பர் 9-இல் அங்கே போய், வேலை செய்துகொண்டிருந்த கட்டடத் தொழிலாளிகளுக்காக நின்று பாடினார். சாரக் கட்டையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தலையில் தொப்பியோடு கேட்டார்கள். அந்த மாளிகை திறந்தது 1973-இல்தான். அதற்குள் முதல் பாட்டு பாடியாகிவிட்டது, கேட்டவர்களும் டிக்கெட் வாங்காதவர்கள்.

அதற்கு அடுத்த வருடமே உடம்பும் மனமும் ஒடிந்தன. 1961-இல் மாஸ்கோவில் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளப் பார்த்தார். பிறகு லண்டனிலும் கிழக்கு ஜெர்மனியிலும் ஆஸ்பத்திரி வாசம். 1963 கடைசியில் ஊர் திரும்பினார். 1965-இல் எஸ்லாண்டா போய்விட்டார். அதன் பிறகு பிலடெல்பியாவில் அக்காள் மேரியன் வீட்டில் அடங்கி இருந்தார். கூட்டமில்லை, கச்சேரியில்லை. 1976 ஜனவரி 23-ஆம் நாள், 77-ஆம் வயதில் இறந்தார். நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் அவருடைய அண்ணன் பாதிரியாராக இருந்த தேவாலயத்திலிருந்து சவத்தை எடுத்தார்கள். மழையில் ஜனங்கள் வெளியே நின்றார்கள்.

கல்லூரிக் கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்களை வைத்திருக்கிற மண்டபம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அவருக்குப் பின்னால் ஆடியவர்கள் பலர் பெயரும் அதில் ஏறிவிட்டது. இவர் பெயரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். 1995-இல் சேர்த்தார்கள். ஆணி பூட்ஸால் அந்தக் கையை மிதித்து அப்போது 80 வருடம் ஆகியிருந்தது.